அமாவாசையில் சாகும் பவளம்

7

ஹமீது சுல்தானுக்குக் காரை விட்டு இறங்கவே மனசு வரவில்லை. பழைய ஃபியட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"சீட்டுல நான் பசை எதுவும் தடவலையே சார்," என்றாள் பக்கத்தில் இருந்த பாண்டியம்மாள்.

ராமநாதபுரம் அரண்மனைத் தெருவில், ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் இருக்கிறது சுல்தானின் துப்பறியும் ஆபீஸ். பாண்டியம்மாளுக்கு அங்கே டைப் அடிக்கும் உத்தியோகம். சுல்தானைக் கிண்டல் அடிப்பது சம்பளம் வாங்காமல் செய்கிற உபரி வேலை. மற்ற நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். இன்று எதிரே தெரிந்த வீட்டு முற்றம் அவரைச் சிரிக்க விடவில்லை.

போன மாசம் இதே முற்றத்தில், பாதி ஊர் வேடிக்கை பார்க்க, கூத்தையா என்ற வேன் டிரைவரை நோக்கி விரலை நீட்டியவர் அவர்தான். "பவளம் சாகுறதுக்கு இந்த ஆளுதான் காரணம்." கூத்தையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேன் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை அந்த வீட்டுக்காரர் மருதுபாண்டி போன் செய்தார். "பாய், நீங்க பிடிச்சுக் குடுத்த கள்ளன் அவன் வீட்டுல கெடக்கான். பவளம் திரும்பவும் செத்துருச்சு. இப்ப யாரு கள்ளன், நானா?"

கேஸ் இதுதான். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துக் கிராமம். ஊர் வயலில் பாதி மருதுபாண்டிக்கு. நெல்லும் குண்டு மிளகாயும் போடுகிற அந்த மனிதர், கடற்கரைக்காரர்களே வைத்துக்கொள்ளாத ஒன்றைத் தன் ஹாலில் வைத்திருந்தார். ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் கடல் தண்ணீர், கடல் மீன், உயிருள்ள பவளம். தொண்ணூற்றொன்பதில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. தொட்டியில் மீன் பிழைத்தது. தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் பவளமும் பிழைத்தது. கல்லாக வளருகிற பவளம் மட்டும் செத்தது. அதுவும் ஒவ்வோர் அமாவாசையும் கழிந்த சில நாளில், சொல்லி வைத்தாற்போலச் செத்தது.

ஊருக்குள் செய்வினை என்று பேசிக்கொண்டார்கள். மண்டபத்திலிருந்து மீன் படிப்புப் படித்த ஒருவர் வந்து உப்பு, சூடு, வெளிச்சம் எல்லாம் கச்சிதம் என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் சுல்தானுக்கு அழைப்பு வந்தது.

சுல்தான் கண்டுபிடித்தது என்ன? கூத்தையா மாசாமாசம் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை டிரம்களில் இறைத்து எடுத்துப் போவார். திரும்பும்போது புதுக் கடல் தண்ணீர் கொண்டுவருவார். மெயின்ரோட்டு டீக்கடையில் விசாரித்தபோது, போகையிலும் டிரம் நிறைந்திருக்கும், வருகையிலும் நிறைந்திருக்கும் என்று தெரிந்தது. வேண்டாத தண்ணீரை வழியில் எங்கேயாவது கவிழ்க்காமல், யாராவது டீசல் செலவழித்துச் சுமப்பார்களா? ஆக, வண்டி கடலுக்கே போகவில்லை, அதே தண்ணீர்தான் திரும்பி வருகிறது, டீசலை வித்துத் தின்கிறான் என்று முடிவு கட்டினார். "ஏன் சுமந்தே?" என்று கேட்டார். கூத்தையா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவன் திருடன். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது.

இந்த மாசம் மருதுபாண்டியே வேறு டிரைவரோடு போய், கண் முன்னால் கடலில் மொண்டு வந்த தண்ணீர். இருந்தும் பவளம் செத்தது. சுல்தானின் மூக்கு நன்றாகவே உடைந்துவிட்டது. மூக்கு உடைந்தது கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கக்கத்தில் இடுக்கிய அந்தத் துண்டுதான் கண்ணை விட்டு அகலவில்லை.

"இறங்குவோம்மா," என்றார்.

மருதுபாண்டி வாசலிலேயே நின்றார். நல்ல உயரம், நரைத்த மீசை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

தொட்டிக்குள் நீல விளக்கு எரிந்தது. மான்கொம்பு மாதிரிக் கிளைத்திருந்த பவளம் ஒன்று அடியிலிருந்து நுனிவரை தோல் உரிந்து சுண்ணாம்பாக நின்றது. அதற்குப் பக்கத்திலேயே தோல் பவளம் சுகமாக அசைந்துகொண்டிருந்தது. கல் இடுக்கில் ஒரு இறால் மீசையை ஆட்டியது.

"விஷம் இல்ல," என்றார் சுல்தான் தனக்குத்தானே சொல்வதுபோல. "விஷம்னா மொதல்ல அந்த இறால் போயிருக்கும்."

"அப்ப நல்ல சாப்பாடா சார்? இந்தப் பாசியப் பாருங்க. தொட்டியா, நாத்தங்காலா?" என்றாள் பாண்டியம்மாள்.

உண்மைதான். பின் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி கெட்டியாகப் படர்ந்திருந்தது.

"முன்பக்கம் நாந்தேன் தெனமும் தொடைக்கேன்," என்றார் மருதுபாண்டி. "தொடைக்கத் தொடைக்க வருது."

சுல்தான் திரும்பினார். "அய்யா, வயலுக்கு நீங்க என்ன உரம் போடுறீங்க?"

"யூரியா, சூப்பர் பாஸ்பேட்டு. எங்க அப்பா காலத்துல எலும்புத்தூளு. எதுக்கு?"

"இதுக்குள்ள யாரோ உரம் போடுறாங்க. பயிருக்கு அது நல்லது, பாசிக்கும் நல்லது. கல்லுப் பவளத்த மட்டும் அது கல்லுக் கட்ட விடாது. கல்லுக் கட்டலன்னா அதுக்கு உசுரு நிக்காது." காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து காலேஜ் வாத்தியார் ஒருவரைப் பிடித்துத் தெரிந்துகொண்ட சங்கதி. போன மாசமே அந்த போனைப் போட்டிருந்தால் ஒரு மனுஷன் தலைகுனிந்து போயிருக்க மாட்டான் என்ற நினைப்பு அவரைக் குத்தியது.

தொட்டியின் ஓரத்தில் தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தார். அழுக்கோடு கறுப்பாகச் சின்னச் சின்ன மணிகள் உள்ளங்கையில் ஒட்டின. மோந்து பார்த்தார். நகத்தால் நசுக்கினார்.

"எள்ளு," என்றார்.

"மீனுக்கு எள்ளுருண்டை பிடிச்சுப் போடுறாக போல," என்றாள் பாண்டியம்மாள்.

அப்போதுதான் மருதுபாண்டியின் மனைவி நாகலெட்சுமி காப்பி கொண்டுவந்தார். சுல்தானின் உள்ளங்கையைப் பார்த்தார். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. காப்பியை ஸ்டூலில் வைத்துவிட்டு, நிமிராமல் உள்ளே போனார்.

"அமாவாசையன்னைக்கு வீட்டுல யாரு இருப்பா?" என்று கேட்டார் சுல்தான்.

"நான் விடியமுன்ன உத்தரகோசமங்கை கோயிலுக்குப் போயிருவேன். திரும்ப மத்தியானம் ஆகும். வீட்டுல இவ மட்டுந்தேன்." மருதுபாண்டியின் குரல் உயர்ந்தது. "பாய், சுத்தி வளைக்காதீக. எனக்கு ஆளு பேரு வேணும். கூத்தையா வேற யாரையும் ஏவி விட்டானா? பொழுது சாயறதுக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி அவன் மேல ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துருவேன்."

சுல்தான் கையிலிருந்த எள்ளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். தான் பிடித்துக் கொடுத்த பொய் இப்போது போலீஸ் வரைக்கும் நடந்து போகப் பார்க்கிறது. காப்பியைத் தொடாமல் எழுந்தார்.

காரில் ஏறியதும் பாண்டியம்மாள் சொன்னாள். "தொட்டிக்கு மேல சுவத்தப் பாத்தீகளா சார்? ஒரு எடம் மட்டும் வெளுப்பா சதுரமா இருக்கு. ஆணி இருக்கு, போட்டோவக் காணோம்."

"பாத்தேன்மா. மொதத் தடவ வந்தப்பவும் பாத்தேன். பாத்துட்டுக் கேக்காமப் போனவன்தான் நான்."

கூத்தையா ஊருக்கு மேற்கே, கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார். வேன் போனபிறகு கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுவதுதான் பிழைப்பு. முள் கிழித்த கையோடு நிமிர்ந்தார். ஐம்பது வயசு இருக்கும். சுல்தானைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் துண்டை எடுக்கக் கை தோளுக்குப் போனது. எடுக்கவில்லை.

"கூத்தையா, நான் செஞ்சது தப்பு," என்றார் சுல்தான். காரில் வரும்போது நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வந்தார். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"ஊருக்கு முன்னால சொன்னீக. இங்கன கருவ மரத்துக்கு முன்னால தப்புங்கிறீக," என்றார் கூத்தையா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சுல்தான் தலைகுனிந்து நின்றார். அந்த மனிதர் கத்தியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பழைய தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

போன மாசம் 'ஊத்துனே' என்று கேட்டவர் இன்று 'ஊத்துனீங்க' என்று கேட்டார். கூத்தையா அரிவாளைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார்.

"ராமேஸ்வரத்துல. அக்னி தீர்த்தத்துல."

"மண்டபத்துலயே கடல் இருக்கு. பாம்பன் பாலம் தாண்டி எதுக்குப் போகணும்?"

"அம்மா சொன்னாக. அந்தத் தண்ணிய வேற எங்கயும் ஊத்தக் கூடாதுன்னாக."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னும் அம்மாதேன் சொன்னாக."

பாண்டியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அண்ணே, ஹால்ல ஒரு போட்டோவக் கழட்டி வச்சிருக்காகளே, அது யாரு?"

கூத்தையா கையில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தார். "பாப்பாவோடது. அய்யாவுக்கு ஒரே மக. கடல் சம்பந்தமாப் படிச்ச புள்ள. அந்தத் தொட்டிய அதுதேன் வச்சுச்சு. நம்ம சோணைமுத்து மகன் கூடப் படிச்சவன். வயல்ல நாத்து நட வர்ற குடும்பம். அவனக் கட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிருச்சு. இவுக கண்மாய்ல குளிச்சுத் தலமுழுகிட்டாக. பேரக்கூட ஊருக்குள்ள சொல்லக் கூடாதுன்னு அய்யா உத்தரவு. போன வருசம் அங்கனயே மூளைக்காய்ச்சல்ல செத்துப்போச்சு."

எள்ளுருண்டை என்று கிண்டலடித்தது பாண்டியம்மாளுக்கு இப்போதுதான் உறைத்தது. காரில் ஏறும்போது, "நான் ஊமையாப் பொறந்திருக்கலாம் சார்," என்றாள்.

சுல்தான் வண்டியைக் கிளப்பவில்லை. அமாவாசை. எள். ராமேஸ்வரத்துக்கே திரும்பிப் போகிற தண்ணீர். எலும்புத்தூள். செத்துப்போன ஒரு மகள். ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தபோது, கேஸ் முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் துளிகூட வரவில்லை. யாரோ தனியாகக் குளிக்கும் இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போல உடம்பு கூசியது.

"என்ன சொல்லப் போறீக?" என்றாள் பாண்டியம்மாள்.

"பொய்," என்றார் சுல்தான்.

ஹாலில் மருதுபாண்டி காத்திருந்தார். நாகலெட்சுமி உள்வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"அய்யா, கூத்தையா மேல தப்பே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அத இதே முத்தத்துல, அதே ஆளுக முன்னால சொல்றேன்," என்றார் சுல்தான். "பவளம் செத்ததுக்கு, கல்லுல இருந்த ஏதோ பழைய அழுக்குதான் காரணம். எனக்கு அதுக்கு மேல கண்டுபிடிக்கத் தெரியல."

"எள்ளு?"

"அது... எலி கொண்டுவந்திருக்கும்."

மருதுபாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குப் பொய் சொல்ல வரல பாய். யாரையோ காப்பாத்துறீக. கூத்தையாட்டப் போயிட்டு வந்துதேன் இந்தப் பேச்சுப் பேசுறீக. சரி, ஸ்டேசன்ல வச்சுக்கிறேன்." ஒரு கால் செருப்பை மாட்டினார்.

"நில்லுங்க," என்றார் நாகலெட்சுமி. "அவன ஒண்ணும் செய்யாதீக. தொட்டியில போட்டது நாந்தேன்."

உள்ளே போனார். விதைநெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் கை விடுகிற சரசரப்புக் கேட்டது. திரும்பி வந்தபோது கையில், மஞ்சள் துணியால் வாய் கட்டிய சின்ன மண்கலயம் இருந்தது. துணியில் நெல் ஒட்டியிருந்தது.

அது என்னவென்று மருதுபாண்டிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"மகளக் கட்டுன அந்தப் பய அவ அஸ்தியக் கொண்டாந்து வாசல்ல நின்னப்ப, நீங்க கதவைச் சாத்துனீக. கொல்லப்பக்கம் கூப்புட்டு நான் வாங்கிக்கிட்டேன். பெத்தவ கையால கரைச்சுக்கிறேன்டான்னு சொல்லி வாங்குனேன். ஆம்பள செய்யுற காரியம். செய்ய வேண்டிய ஆம்பளைக்கு மனசு இல்ல. இந்த வீட்டு ஆளு யாரும் அதுக்காகக் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னீக." நாகலெட்சுமி தொட்டியைப் பார்த்தார். "நான் போகல. கடலுதேன் வீட்டுக்குள்ள இருந்துச்சே. நீங்க கோயிலுக்குப் போன அமாவாசையாப் பாத்து, ஒரு சிட்டிகை போட்டு, எள்ளும் தண்ணியும் எறச்சேன். அந்தத் தண்ணிய ராமேஸ்வரத்துல சேக்கச் சொல்லிக் கூத்தையாட்டக் குடுத்தேன். எதுக்குன்னு அவன்ட்டச் சொல்லல. அதுல பவளம் சாகும்னு எனக்குத் தெரியாது."

சுல்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலமுழுகுன புள்ளைக்கு எதுக்குக் காரியம்னு ஊரு கேக்கும்ல," என்றார் மருதுபாண்டி. சொல்லும்போதே அந்தப் பேச்சு அவருக்கே பிடிக்காமல் பாதியில் தேய்ந்தது.

"ஊரு கேக்கும். நீங்க கேட்டீகளா, அவளுக்கு என்ன காய்ச்சல்னு?"

அவர் தொட்டியருகே போய், செத்து வெளுத்திருந்த மான்கொம்புக்கு நேராகக் கண்ணாடியில் கையை வைத்தார்.

"இது எல்லாம் அவ வச்சதுதேன்," என்றார். "வந்து பாத்தா எதையும் சாகவிட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அவ வரமாட்டான்னு ஆனப்புறம், இதையாவது காப்பாத்தணும்னு இருந்தேன். அதுக்குத்தேன் பாய், உங்களக் கூப்புட்டது."

நாகலெட்சுமி புருஷனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கா தெனமும் கண்ணாடியத் தொடச்சீக?"

ஒரே வீட்டில், ஒரே தொட்டிக்கு முன்னால், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க சுல்தானுக்கு வெட்கமாக இருந்தது. போகவும் வழியில்லை.

"இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார் மருதுபாண்டி.

"ஒரு கைப்பிடி."

அவர் மாட்டிய செருப்பையும் கழற்றினார். வெறுங்காலோடு வெளியே நடந்தார். சுல்தான் பின்னாலேயே ஓடினார்.

"அய்யா, நான் மொதல்ல போறேன். மொதல்ல தப்புப் பண்ணுனது நான்."

"இல்ல பாய். மொதல்ல பண்ணுனது நான்," என்றார் மருதுபாண்டி. ஊர் நடுவே, ஆட்கள் எழுந்து நின்று பார்க்கப் பார்க்க, இருவரும் நடந்தார்கள். கலயத்தோடு நாகலெட்சுமியும், அவருக்குப் பக்கத்தில் பாண்டியம்மாளும் வந்தார்கள்.

கூத்தையா அப்போதுதான் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அய்யா தன் வாசலுக்கு வருவதைப் பார்த்துப் பதறி எழுந்தார். பின்னாலேயே பாதி ஊர் கூடிவிட்டது. சுல்தான் திரும்பி நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "இவர் மேல நான் சொன்னது பொய். ஒரு சொட்டு டீசல்கூட இவர் எடுக்கல. கள்ளன்னு சொன்ன வாய் என்னோடது. அதுக்கு இவர் என்ன செஞ்சாலும் தகும்."

கூத்தையா ஒன்றும் செய்யவில்லை. நாகலெட்சுமியின் கையில் இருந்த கலயத்தைத்தான் பார்த்தார். "சொல்லிட்டீகளாம்மா?" என்றார்.

நாகலெட்சுமி திடுக்கிட்டார். "ஒனக்குத் தெரியுமா?"

"டிரம்மு அடியில வெள்ளையா தங்குமேம்மா. எங்க அப்பன எரிச்சுக் கரைச்சவன் நான், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமாய்யா கள்ளன்னு பேரெடுத்துக்கிட்டுப் போனே?" என்றார் மருதுபாண்டி. 'ஏலே' என்று அழைத்தே பழகிய வாய், இன்று அந்தச் சொல் இல்லாமல் தடுமாறியது.

"நான் சொன்னா அம்மா மாட்டிக்கிருவாக. பாப்பா காரியமும் பாதியில நின்னுரும்." கூத்தையா துண்டால் கையைத் துடைத்தார். "சும்மா ஊத்தலங்கய்யா. கடல்ல ஊத்துறப்ப பேரச் சொல்லி ஊத்தணும்ல. ஊருக்குள்ளதேன் அந்தப் பேரச் சொல்லக் கூடாது. அங்கன கேக்க ஆளில்ல. ஒவ்வொரு டிரம்முக்கும் சத்தமாச் சொல்லித்தேன் ஊத்துனேன்."

மருதுபாண்டி மடியிலிருந்து வேன் சாவியை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். கூத்தையா வாங்கிக்கொண்டார்.

"இந்தத் தடவ நானும் வாரேன்," என்றார் மருதுபாண்டி. அப்புறம் ஊரே கேட்கும்படி, இரண்டு வருஷமாகச் சொல்லாத பேரைச் சொன்னார். "மங்களேஸ்வரியக் கரைக்கணும்."